ஒரு வரி அதிகம்

அட்டவணை என்றால் அது ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும். இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. பாதி இந்தப் பக்கத்திலும் மீதி அடுத்த பக்கத்திலும் தொங்கிக்கொண்டிருந்தால், படிக்கிறவர் தலைப்பைத் தேடி முன்னும் பின்னும் புரட்ட வேண்டும். அந்த எரிச்சல் ஆய்வு செய்த பிள்ளையின் மேல்தான் திரும்பும். வீட்டு முன்னறையில் கணினி வைத்து, முதுகலை மாணவர்களின் ஆய்வேடுகளுக்கு அட்டவணையும் படமும் ஒழுங்குபண்ணித் தருகிறேன். நல்ல பிள்ளைகள்தான். உலகத்தையே மாற்றுவதுபோல் முன்னுரை எழுதுவார்கள், ஒரு கோடு நேராகப் போடச் சொன்னால் முழிப்பார்கள்.

என் தம்பியும் அப்படித்தான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான். என்னைப் பெண் கேட்டு வந்தவர்களை, இவன் ஓர் ஆளாகட்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. எம்.எஸ்ஸி. வேதியியலில் சேர்ந்தவன், எங்கள் பகுதிக் கிணறுகளின் தண்ணீரைத் தன் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டான். பாட்டில்களைக் கழுவிக் காயவைத்து, வீட்டுக்கு ஓர் எண் எழுதி ஒட்டிக் கொடுத்தது நான். எந்த எண் எந்த வீடு என்று அவனைவிட எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

ஏழு, எதிர்வீடு. ஒரு தையல்காரியும் அவளுடைய இரண்டு பெண் குழந்தைகளும் இருந்தார்கள். புருஷனுக்கு வெளியூரில் வேலை. எங்கள் குழாயில் வருவது உப்புத் தண்ணீர். அவள் கிணற்றுத் தண்ணீர் அத்தனை ருசி. "உங்களுக்கும் சேர்த்துத்தான்கா அது ஊறுது" என்று சொல்லி, தினமும் சாயங்காலம் மூத்தவளிடம் ஒரு குடம் கொடுத்தனுப்புவாள். அந்தப் பெண்ணை எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவோம். ஓர் இடத்தில் உட்காரமாட்டாள். குடத்தை இறக்கிவைத்த கையோடு என் சுழல் நாற்காலியில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, திரையை எட்டிப் பார்ப்பாள்.

"பெரியம்மா, இவ்வளவு கட்டம் சும்மாதானே கெடக்கு. ஒண்ணுல என் பேரை எழுதேன்."

"உன் பேருக்கெல்லாம் இதுல இடமில்ல. ஓடு" என்பேன். மறுநாளும் அதையே கேட்பாள்.

ஆர்சனிக் அளவுகளின் அட்டவணையைத் தம்பி கொண்டுவந்தபோது அதில் இரண்டு தொல்லைகள் இருந்தன. கடைசி வரி மட்டும் அடுத்த பக்கத்துக்குப் போய்த் தனியாக உட்கார்ந்திருந்தது. படத்தில் ஏழாவது பட்டை மேல் விளிம்பை முட்டிக்கொண்டு நின்றது. மற்ற பட்டைகள் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் தரையோடு கிடந்தன. குடிக்கத் தகுந்த அளவைக் காட்டும் சிவப்புக் கோடு ஏழின் காலடியில் எங்கோ இருந்தது. எதிர்வீடு இருக்கும் இடத்தில் முன்பு தோல் பதனிடும் கொட்டகை இருந்ததாகச் சொல்வார்கள்.

அவனுடைய கைடு படத்தைப் பார்த்துவிட்டு, "இது ஒண்ணு மட்டும் வானத்துல நிக்குது. ஒண்ணு இதுக்கு விளக்கம் சொல்லு, இல்ல படத்தைச் சரிபண்ணு" என்றாராம். விளக்கம் சொல்வதென்றால் மறுபடி தண்ணீர் எடுத்து, மறுபடி ஆய்வுக்கூடத்தில் காத்துக்கிடக்க வேண்டும். கைடு அந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். அடுத்து வருகிறவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கச் சொல்வார். பட்டம் கைக்கு வந்தால் சேர்ந்துகொள்ளலாம் என்று ஒரு வேலை அவனுக்காக இருந்தது. தம்பி சரியாகச் சாப்பிடவில்லை. அவன் முகம் வாடினால் எனக்கு ஆகாது.

இந்த மாதிரிப் படத்துக்கு வழி இல்லாமல் இல்லை. அச்சை நடுவில் முறித்துக் காட்டலாம். மடக்கை அளவில் போடலாம். ஒரு நட்சத்திரக் குறி போட்டு அடிக்குறிப்பில் சொல்லலாம். எல்லாமே முறையான வழிகள், எல்லாமே எனக்குக் கைவந்த வேலை. ஆனால் எதைச் செய்தாலும், இங்கே ஒன்று இருக்கிறது பாருங்கள் என்று அது ஆளைக் கூப்பிட்டுக் காட்டும். நான் ஏழாவது வரியை எடுத்துவிட்டேன்.

வரிசை எண்கள் தாமாகவே சரியாகிக்கொண்டன. எட்டு ஏழானது, ஒன்பது எட்டானது. அட்டவணை ஒரே பக்கத்தில் அடங்கியது. படத்தில் பட்டைகளெல்லாம் நிமிர்ந்து நின்றன, ஒன்றுவிடாமல் சிவப்புக் கோட்டுக்குக் கீழே. பார்க்க அழகாக இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

"அக்கா, ஒண்ணு குறையுதே" என்றான் தம்பி.

"அது குளியலறை ஆசிட் இருந்த பாட்டில்டா. கழுவித்தான் கொடுத்தேன், சரியா போகல போல. உன்கிட்ட சொல்ல மறந்துட்டேன்."

என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு பெரிதாக மூச்சுவிட்டான். "முன்னாடியே சொல்லியிருக்கலாம்லக்கா. எனக்கு உசிரே போயிடுச்சு." அவனுடைய நன்றியுரையில் முதல் பெயர் என்னுடையதுதான்.

அன்று சாயங்காலமும் வாலு குடத்தோடு வந்தாள். அதுவரை நாங்களும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தோம். அன்று காலையிலேயே கேன் தண்ணீருக்குச் சொல்லிவிட்டிருந்தேன். வேலைக்காக வருகிறவர்களுக்கும் ஆயிற்று என்று தம்பியிடம் சொன்னேன். குடம் வேண்டாம் என்றால் தையல்காரி ஏன் என்று கேட்பாள். அதனால் வாங்கிக்கொண்டு, பின்பக்கம் ரோஜாச் செடிக்கு ஊற்றப் போனேன். மனசு வரவில்லை. அது பாவம், வாயில்லா ஜீவன். சாக்கடையில் ஊற்றினேன்.

எதிர்வீட்டில் சொல்லாமலே விட்டுவிடுவதாக நான் ஒருபோதும் நினைத்ததில்லை. ஆய்வேட்டைக் கொடுத்து முடித்ததும் சொல்லலாம் என்றிருந்தேன். பிறகு, வைவா முடியட்டும். வேலை நிரந்தரமாகட்டும். அவனுக்கு நல்ல இடத்தில் பெண் அமையட்டும். இதில் எது நியாயமில்லாதது? வருடங்கள் ஓடிவிட்டன, அவ்வளவுதான். கிணற்றில் எலி விழுந்துவிட்டது என்று ஏதாவது சொல்லி அவர்களைத் தடுத்திருக்கலாமே என்பீர்கள். எனக்குப் பொய் சொல்ல வராது.

வாலுவின் உள்ளங்கையில் புள்ளிகள் வந்தன. பேனா மை என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். போகவில்லை. பழுப்பாக, சொரசொரப்பாக, ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடந்தன. நாற்காலியில் சுற்றுவதை அவள் எப்போது விட்டாள் என்று எனக்கு நினைவில்லை. டாக்டர் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தார். ஒருநாள் தையல்காரி, தோளில் தொங்கும் அளவு நாடாவோடு அப்படியே எழுந்து வந்தாள்.

"அக்கா, தம்பி தண்ணியைப் பத்தித்தானே படிச்சுது. எங்க கிணத்துத் தண்ணி எப்படின்னு அதுல இருக்குமா? டாக்டர் கேக்கறாரு."

அலமாரியிலிருந்து ஆய்வேட்டை எடுத்து, படம் இருந்த பக்கத்தைப் பிரித்து அவள் முன்னால் வைத்தேன். சிவப்புக் கோடு எதற்கு என்று பொறுமையாக விளக்கினேன். "இதைத் தாண்டினாத்தான் ஆபத்து. பாரு, ஒண்ணாவது தாண்டியிருக்கா?"

"இதுல எங்களோடது எதுக்கா?"

ஏழாவது பட்டையைத் தொட்டுக் காட்டினேன். கீழே ஏழு என்றுதான் போட்டிருந்தது. அது முன்பு எட்டாக இருந்த மூலைவீட்டுக் கிணறு.

அவள் அதன்மேல் விரலை வைத்துப் பார்த்தாள். "அப்பாடா" என்றாள். "என்னென்னவோ நினைச்சு மனசு கெடந்து அடிச்சுக்கிச்சுக்கா. நிறைய தண்ணி குடிக்கச் சொல்லுங்கன்னு டாக்டர் சொல்லிக்கிட்டே இருக்காரு. இனிமே பயமில்லாம கொடுக்கலாம்."

மழைக்காலம் முடிவதற்குள் வாலு போய்விட்டாள். ஈரல் கெட்டுவிட்டது என்றார்கள். எதிர்வீட்டில் தையல் மெஷின் சத்தம் ரொம்ப நாள் கேட்கவில்லை. அந்தச் சத்தம் இல்லாமல் எனக்கும் வேலை ஓடவில்லை. வெளியூரில் மனைவியோடு இருக்கும் தம்பிக்குப் போன்பண்ணிச் சொன்னேன். அழுதான். "அக்கா, அந்த ஏழாம் பாட்டில்..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். அதற்கப்புறம் அவன் அதிகம் பேசுவதில்லை. வேலைப்பளு இருக்கும்.

அப்போதிலிருந்து எனக்கு ஒரு தொந்தரவு. எந்த அட்டவணையைத் திறந்தாலும் ஒரு வரி அதிகமாக இருப்பதுபோல் தெரிகிறது. எண்ணினால் சரியாகத்தான் இருக்கும். கண்ணை எடுத்ததும் மறுபடி அதிகம். காலையில் அறையைத் திறந்தால் சுழல் நாற்காலி வாசலைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. நான் அதை அப்படி விட்டுவிட்டுப் போவதில்லை. பயமாகத்தான் இருக்கிறது. மறைத்து என்ன செய்ய?

அதனால் தவறைத் திருத்திவிட்டேன். என் கணினியில் இருந்த பிரதியைத் திறந்து, ஏழாவது வரியை அதன் இடத்தில் சேர்த்தேன். படத்தில் அச்சை முறித்து, நட்சத்திரக் குறி போட்டு, எல்லாம் முறைப்படி செய்தேன். வீட்டைக் குறிக்கும் கட்டத்தில் வாலுவின் முழுப் பெயரையும் எழுதினேன். அத்தனை நாள் கேட்ட பிள்ளை. எழுத்தின் அளவைக் கொஞ்சம் குறைத்ததும் அட்டவணை ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டது. அச்செடுத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். இப்போது அதில் ஒரு குறையும் இல்லை.

தையல்காரியும் மறுபடி மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். நேற்றுச் சாயங்காலம் வாசலில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், இளையவள். அக்கா தூக்கிய அதே குடம். இடுப்பில் நிற்காமல் வழுக்குகிறது என்று இரண்டு கையாலும் நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு படியேறி வந்தாள். சட்டையெல்லாம் ஈரம். வாங்கி இறக்கிவைத்து, துண்டால் துடைத்துவிட்டேன். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை. ஒரு குழந்தை கஷ்டப்படுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியாது.

"நாளையிலேர்ந்து சின்னக் குடமா எடுத்துட்டு வாடி கண்ணு" என்றேன். "கை வலிக்கும்ல."