புளித்த கஞ்சி இனித்த மாதம்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், கண்ணுகளா. வாசல் பக்கம் சாரல் அடிக்கும். இங்கே என் பக்கத்தில் வெதுவெதுப்பாக இருக்கிறது. ஒரு கதை சொல்கிறேன். இட்டுக்கட்டியது இல்லை, நான் செய்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான் என் படிப்பு. ஆனாலும் நடந்ததை வரிசை பிசகாமல் சொல்ல வரும். பயப்படாமல் கேளுங்கள்.

சில பெண்களுக்குப் பூ பிடிக்கும், சிலருக்குச் சினிமா பிடிக்கும். எனக்கு மண் பிடிக்கும்.

நான் குயவர் வீட்டில் பிறந்தவள் இல்லை. வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிள்ளைக்காம்பரா ஆயாவாக இருந்தேன். தாய்மார் கொழுந்து கிள்ள மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற கூடத்துக்கு அந்தப் பேர். என் பொறுப்பில் பதினோரு பிள்ளைகள். அவர்கள் விளையாட ஓடைக்கரை மண்ணில் சின்ன அடுப்பும் சட்டியும் செய்து கொடுக்கப்போய், அதுவே எனக்குப் பித்தாகிவிட்டது. ஃபேக்டரியில் கழித்துப்போட்ட இரும்புச் சக்கரம் ஒன்றைத் தரையில் நட்டு என் வீட்டுக்காரர் சோலை எனக்குப் பானை வனையத் திருகை செய்து கொடுத்தார். யாரும் சொல்லித் தரவில்லை. முதல் மழைக்காலம் முழுக்கச் செய்ததெல்லாம் உடைந்தது. அடுத்த மழைக்கு ஒரு குழம்புச் சட்டி நின்றது. கவ்வாத்து வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சிகளை அடுக்கிச் சுடுவேன். ஞாயிற்றுக்கிழமை வண்டிப்பெரியார் சந்தையில் நாலு சட்டி விற்பேன். ஆறு நாள் ஆயா, ஏழாம் நாள் சட்டிக்காரி.

பக்கத்து வீட்டு மாரித்தாய்க்கு அதில் ஒரே கேலி. "என்ன மதினி, நம்ம எல்லாருக்கும் ஒரு தொரை, ஒனக்கு மட்டும் ரெண்டு தொரையா? ஒண்ணு பங்களாவுல, ஒண்ணு திருகையில?" என்பாள். அவளுக்கும் எனக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அவள் மகன் பெரியமுத்துக்கு மூன்று வயது. பகலில் என்னிடம், சாயங்காலம் என் வீட்டுக்காரர் மடியில். எங்களுக்குப் பிள்ளை இல்லை.

எழுபத்து நாலாம் வருடம் சோலையின் வலது கை இலை உருட்டும் மெஷினில் போய்விட்டது. கொஞ்ச நாள் வாட்ச்மேன் வேலை கொடுத்தார்கள். அப்புறம் பேரை வெட்டிவிட்டார்கள். எஸ்டேட்டில் பேர் இருந்தால்தான் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், ஒரு வீடு. என் பேர் ஒன்று இருந்ததால் தப்பித்தோம். அந்தக் கார்த்திகையில் ஆபீசிலிருந்து எனக்கும் ஆள் வந்தது. வருகிற ஜூன் மாதம் முதல் பிள்ளைக்காம்பராவுக்குப் படித்த டீச்சர் வருகிறாராம். எனக்கு வேறு வேலை இல்லையாம். நாற்பத்தாறு வயதில் கொழுந்து கிள்ளப் புதிதாக எடுக்க மாட்டார்கள். ஜூனில் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

எங்கே போவது? சங்கரன்கோவில் பக்கம் எங்கள் சொந்த ஊர் என்று ஒன்று உண்டு. அங்கே எங்களைத் தெரிந்த ஒருவரும் உயிரோடு இல்லை. ஒரு கை இல்லாத ஆளை அழைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் படுப்பதை நினைத்துப் பார்ப்பேன். அது நினைப்போடு நிற்காது. மண் பிசையும்போது வரும், பிள்ளைக்குத் தலை சீவும்போது வரும். உங்களுக்கு அப்படி ஒரு நினைப்பு வரவே வேண்டாம்.

அந்த நேரத்தில்தான் சென்னிமலை வந்தார். பாலக்காட்டு எல்லையில் இருக்கிற கோபாலபுரம் செக்போஸ்ட் பக்கத்துக்காரர். ஏரி பார்க்க வரும் டூரிஸ்டுகளை நம்பிக் குமுளியில் கடை வைத்திருந்தார். சந்தையில் என் சட்டியைத் தூக்கித் தட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மிணி, கைவேலை நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா கசியுதுங்களே. பளபளன்னு பீங்கானாட்ட இருந்தா நானே பூராத்தையும் எடுத்துக்குவேனுங்க. கடைக்குப் பொறத்தால ஒரு ரூம்பு சும்மாத்தான் கெடக்குது. நீங்களும் ஊட்டுக்காரரும் அங்கியே தங்கிட்டுச் செய்யலாமுங்க."

ரூம்பு. அதற்கப்புறம் அவர் சொன்ன எதுவும் என் காதில் விழவில்லை.

மினுக்கு எப்படி ஏற்றுவது என்று ஃபேக்டரியில் பெட்டி அடிக்கிற சங்கையா மாமாவிடம் கேட்டேன். பழைய காலத்தில் தேயிலைப் பெட்டிக்கு உள்ளே காரீயத் தகடு ஒட்டுவார்கள், ஈரம் ஏறாமல் இருக்க. அந்தத் தகடு சுருள் சுருளாக அவர் கொட்டகையில் கிடந்தது. அதை இரும்புச் சட்டியில் போட்டு உருக்கிக் கிண்டிக்கொண்டே இருந்தால் மஞ்சள் பொடியாகும். பொடியோடு ஓடை மணலை அரைத்துச் சேர்த்து, சுட்ட பானையின் மேல் பூசி, மறுபடி சுட்டால் கண்ணாடி மாதிரி ஏறும். மாமா சொல்லிவிட்டு என் கையைப் பார்த்தார்.

"கை கழுவாம சோத்துல கை வச்சிராத, தாயி. எங்கண்ணன் இந்தத் தகட்டைத்தான் உருக்கிக்கிட்டு இருந்தான். வயித்து வலி, வயித்து வலின்னு சுருண்டான். ஈறு ஓரத்துல பென்சில்ல கோடு இழுத்த மாதிரி கருப்பா ஓடிச்சு. அந்த வருஷமே போயிட்டான்."

நான் கை கழுவினேன். நகக்கண்ணைக்கூடக் குச்சியால் நோண்டிக் கழுவினேன். அந்த விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

முதல் பானை சூளையிலிருந்து வெளியே வந்தபோது நான் அழுதேன். தேன் நிறம். வெயிலில் பிடித்தால் பார்க்கிறவர் முகம் தெரியும். ஒரு சொட்டு கசியவில்லை. சென்னிமலை அதைத் துண்டால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். ஆனாலும் வியாபாரி இல்லையா. சமையலுக்கு ஆகுமா என்றுதான் சனங்கள் கேட்பார்களாம். புளிப்புப் பட்டால் மினுக்கு உரியுமா, வாடை வருமா என்று ஒரு மாதம் புழங்கிப் பார்த்துச் சொன்னால் இருநூறு உருப்படிக்குச் சொல்லிவிடுவாராம், ரூம்புச் சாவியும் தருவாராம்.

எங்கள் வீட்டில் இரண்டு வாய். அதில் புழங்குவது புழக்கமே இல்லை. பிள்ளைக்காம்பராவில் பதினொன்று. அங்கே காலை பத்து மணிக்குப் பிள்ளைகளுக்குப் புளித்த கஞ்சி கொடுப்பது வழக்கம். மலைக் குளிரில் கஞ்சி தானாகப் புளிக்காது. முந்தின நாள் சாயங்காலமே மோர் ஒரு கரண்டி விட்டு அடுப்பு ஓரம் வைத்துவிட வேண்டும். அதுவரை அலுமினியக் குண்டானில் வைத்தேன். மார்கழி முதல் தேதியிலிருந்து தேன் நிறப் பானையில் வைத்தேன்.

மறுநாள் காலை பெரியமுத்து ஒரு வாய் குடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். "ஆயா, இனிக்கி," என்றான். உண்மைதான். நுனி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினேன். புளிப்புக்கு அடியில் ஒரு இனிப்பு இருந்தது. சோறு கண்டால் ஓடுகிற பிள்ளைகள்கூட இன்னொரு தம்ளர் கேட்டன. தாய்மாருக்குச் சந்தோஷம். மாரித்தாய் வாசலில் நின்று, "ஆபீஸ் சீனியத் திருடிக் கலக்குறியா மதினி? மாட்டினா என் பேரச் சொல்லிராத," என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

இரண்டு வாரம் கழித்து ஒவ்வொன்றாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தன. வெளிக்குப் போகவில்லை. முகம் வெளிறியது. டிஸ்பென்சரி கம்பவுண்டர் பூச்சி மருந்து கொடுத்தார். நானே மடியில் போட்டு ஊட்டினேன். ராத்திரி முழுக்க வயிற்றைத் தேய்த்துவிட்டதாக மாரித்தாய் சொன்னபோது, விளக்கெண்ணெயை எப்படிச் சூடு செய்வது என்று சொல்லிக் கொடுத்தேன்.

இருபத்தோராம் நாள் பெரியமுத்து கொட்டாவி விட்டான். கீழ் ஈறு ஓரத்தில் பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு கோடு. மற்றப் பிள்ளைகளையும் வரிசையாக நிறுத்தி, பல் பார்க்கிறேன் என்று சொல்லி உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஒன்பது பேருக்கு இருந்தது. வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் என் ஈற்றைப் பார்த்தேன். எனக்கு இல்லை. நான் முதல் நாளிலிருந்தே அலுமினியக் குண்டானில் தனியாக வைத்த கஞ்சியைத்தான் குடித்து வந்தேன்.

சோலையும் பார்த்துவிட்டார். அன்று சாயங்காலம் பிள்ளை அவர் மடியில்தான் சுருண்டு கிடந்தான். அவன் போன பிறகு என்னிடம் வந்தார்.

"அந்தப் பானைய உடைச்சிரு சந்தனம்."

"உடைச்சிட்டு ஜூன் மாசம் எங்க போக?"

"எங்கயோ போவோம். ரோட்டுல கெடப்போம்."

"நீங்க கெடப்பீக. ஒங்கள நான் அப்படிப் பாக்க மாட்டேன்."

அவர் இருக்கிற கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய் நின்றார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் புழங்கியாயிற்று என்று சென்னிமலையிடம் பொய் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் தோன்றியது. ஆனால் வாக்குக் கொடுத்திருந்தேன். வியாபாரத்தின் முதல் படியிலேயே பொய் வைத்தால் அது விளங்காது என்று நினைத்தேன். இன்னும் ஒன்பது நாள்தானே என்றும் நினைத்தேன். சின்னப் பிள்ளைகள், ரத்தம் ஊறிவிடும்.

இருபத்தாறாம் நாள் பெரியமுத்துக்கு வலிப்பு வந்தது. எஸ்டேட் ஜீப்பில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிள்ளை என் மடியில். மாரித்தாய் அவன் காலைப் பிடித்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் என்ன சாப்பிட்டான் என்று மலையாளத்தில் கேட்டார். கஞ்சி என்றேன். எதில் வைத்தது என்றார். அலுமினியப் பாத்திரம் என்றேன். அவர் மூளைக்காய்ச்சல் என்று எழுதினார். அவர் அந்தக் கேள்வியைக் கேட்ட நேரத்தில் பிள்ளைக்கு உயிர் இருந்தது. மறுநாள் காலை போய்விட்டான்.

துக்கத்துக்கு வந்த சங்கையா மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தாயி, அந்த மினுக்குப் பானையில தின்கிறது எதுவும் வைக்கலயே?" என்றார். பூ வைக்கிற சாடிதான் மாமா என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேட்டதை மனசில் வைத்துக்கொள்ளாதே என்றார். மாரித்தாய் என் தோளில் சாய்ந்து, "ஒங்கையாலதான் மதினி அவன் வயிறாரக் குடிச்சான்," என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அவளை மூன்று நாள் நான்தான் குளிப்பாட்டிச் சாப்பிட வைத்தேன்.

இருபத்தெட்டாம் நாள் துக்கத்துக்காகப் பிள்ளைக்காம்பராவை மூடியிருந்தார்கள். இருபத்தொன்பதாம் நாளும் முப்பதாம் நாளும் மீதிப் பத்துப் பேருக்கும் ஊற்றினேன். முப்பத்தோராம் நாள் பானையைக் கழுவிச் சென்னிமலையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மினுக்கு ஒரு பொட்டு உரியவில்லை. "புளுச்ச கஞ்சி வெச்சீங்களா? பாருங்களே, புதுசாட்டவே இருக்குதுங்க. கொழந்தைகளெல்லாம் குடிச்சாங்களா?" என்றார். ஆசையாகக் குடித்தார்கள் என்றேன். அதில் பொய் இல்லை. சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

ஜூன் வரை பகலில் ஆயாவாகவும் மிச்ச நேரத்தில் திருகையிலும் இருந்து இருநூறும் செய்து முடித்தேன். பிறகு குமுளிக்குக் குடிபோனோம். கூரை ஒழுகாத அறை. சோலை அதில் எட்டு வருடம் இருந்தார். என் கையால் செய்த பானையில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். கடைசிவரை என்னிடம் நாலு வார்த்தைக்கு மேல் பேசவும் இல்லை. கை போன வருத்தம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டேன். பானைகள் கம்பத்துக்குப் போயின, பாலக்காட்டுக்குப் போயின, எங்கிருந்தோ வந்த பஸ்களில் ஏறிப்போயின. ஊறுகாய்க்கு நல்லது, மோருக்கு நல்லது என்று சென்னிமலை சொல்லி விற்பார். நான் ஆமாம் என்று தலையாட்டுவேன். பத்துப் பிள்ளைகளில் இரண்டுக்குப் படிப்பே ஏறவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். எஸ்டேட் பிள்ளைகள் அப்படித்தான் என்று புது டீச்சர் சொன்னாராம்.

போலீசு கேட்கவில்லை, மாரித்தாயும் கேட்கவில்லை. கேட்காமலே சொல்கிறேன், கண்ணுகளா. பெரியமுத்துவைக் கொன்றது காய்ச்சல் இல்லை, நான்தான். கோட்டைப் பார்த்த பிறகும் அஞ்சு நாள் அவனுக்குத் தம்ளர் தம்ளராக ஊற்றினேன். அவன் வேண்டாம் என்று தலையைத் திருப்பிய அன்றுகூட, நிலாவைக் காட்டுகிற மாதிரி சன்னல் பக்கம் தூக்கிப் போய், ஒரு வாய் விடாமல் குடிக்க வைத்தேன். என்னிடம் இருந்த வரை ஒரு பிள்ளையும் பசித்து அழுததில்லை. அதை மட்டும் யாரும் மறுக்க முடியாது.

நேரமாகிறது, போய் வாருங்கள். உங்கள் வீட்டில் அடுப்பு அணையாமல் இருக்கட்டும். தலைக்கு மேல் கூரை நிலைக்கட்டும். உங்கள் பிள்ளைகளுக்கு என்னைப் போலப் பார்த்துப் பார்த்து ஊட்டுகிற கை ஒன்று அமையட்டும்.