மெயின் சுவிட்சை அணைத்தவன் பேசுகிறேன்

மழையையும் மதிக்காமல் வந்து இந்த மன்றத்துக்கு மதிப்புத் தந்திருக்கும் தலைவர் நாகலெட்சுமி டீச்சர் அவர்களே! பின்வரிசையில் கண்ணை மூடியபடியே கவனிக்கும் பெரியவர்களே! தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு வந்திருக்கும் தாய்மார்களே! பிள்ளைகளைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டுப் பக்கத்து நாற்காலியைக் காலியாக வைத்திருக்கும் பெற்றோர்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

கணினி வகுப்பைத் திறக்கும் மேடையில் எனக்கென்ன வேலை? படித்தவனா நான்? எட்டாம் வகுப்பில் படிப்பு என்னைக் கைவிட்டதா, படிப்பை நான் கைவிட்டேனா என்ற வழக்கே இன்னும் முடியவில்லை! என் மகள் பிரியந்தி கொழும்பில் கணினி வேலை பார்க்கிறாள். அதுதான் என் ஒரே தகுதி.

அவள் பொறுப்பில் ஒரு மெய்நிகர் கணினி. பயப்படாதீர்கள்! நம் தோட்டத்து நீள லயத்தைக் குடும்பத்துக்கு ஒரு காம்பராவாகப் பிரித்ததுபோல, பெரிய கணினிக்குள் பிரித்துக் கொடுத்த சின்னக் கணினி. அதில் புரோகிராம்கள் ஓடும், ஓடும், திடீரென்று உறையும். ஒரு நாள் காலையில், ஒரு நாள் மத்தியானத்தில். பிறகு தானாகவே ஓடும். நினைவகத்தைப் பார்த்தாள், இடம் இருந்தது. வேலைச்சுமையைப் பார்த்தாள், ஏறவில்லை. நிறுத்து என்று ஆணையிட்டாள், அதற்கும் அசையவில்லை! காரணம் கண்டுபிடிக்காமல் தீபாவளி லீவு இல்லை என்றுவிட்டார்கள்.

அவள் அம்மா கண்மூடிய பிறகு, எனக்கு வருடம் என்பதே தீபாவளிக்கு அவள் வந்து தங்கும் அந்த நாலு நாள்தான். அந்தப் புரோகிராமை நான் திட்டாத திட்டா!

கடைசியில், உறைந்தவை எல்லாம் எதற்காகக் காத்து நிற்கின்றன என்று தேடினாள். எல்லாம் ஒரே வாசலில் நின்றன. ‘அப்பா’ என்ற கோப்புறை! என் படங்களைப் பார்க்க, எங்கள் வீட்டுக் கணினியிலிருந்து அவள் இணைத்து வைத்திருந்தது. ஒவ்வொரு புரோகிராமும் நடுநடுவே அதையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் நகருமாம்.

போன் வந்தது.

“அப்பா, இன்னைக்கு எட்டேகாலுக்கு எங்க போனீங்க?”

“பால் வாங்கம்மா.”

“நேத்து ரெண்டு மணிக்கு?”

“கோயில் கமிட்டிக்கு.”

“கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டுதானே இருந்துச்சு?”

“அதெப்படி! மெயின் சுவிட்ச அணைக்காம வாசப்படி தாண்டுவேனா? முப்பது வருசம் பெக்டரியில பழகுன கையில்ல!”

“ஐயோ அப்பா! நீங்க அணைக்கிறப்பதான் இங்க எல்லாமே நிக்கிது!”

என்ன சொல்கிறீர்கள், முன்வரிசை அம்மாக்கண்ணு அக்கா? “லீவக் கெடுத்த திருடன் நீதானா”வா? நானேதான்!

“அந்தக் கோப்புறைய வெட்டி விட்டுரும்மா” என்றேன்.

“அத மட்டும் சொல்லாதீங்கப்பா.”

வெட்டவில்லை அவள். ஒரு விதி எழுதினாள்: பதில் வருகிறதா, பத்து விநாடி பார். வரவில்லையா, உன் வேலையைத் தொடர். பிறகு மறுபடியும் வந்து பார்.

தீபாவளிக்கு வந்தாள். நாலு நாள் இருந்தாள். போய்விட்டாள்.

பெரியோர்களே, உறைந்தது அந்தப் புரோகிராம் மட்டுமா? அழைப்பு வராத மாலைகளில், பிசைந்த சோறு கையிலேயே காய, போனைப் பார்த்தபடி நானும் உறைந்திருக்கிறேன். இப்போது பத்து விநாடி பார்க்கிறேன். சாப்பிடுகிறேன். மறுபடியும் பார்க்கிறேன்.

இந்த வகுப்பில் படிக்கப்போகும் பிள்ளைகள் நம்மை விட்டுப் போகத்தான் படிக்கிறார்கள். போகட்டும்! மலை தாண்டிப் போகட்டும், கடல் தாண்டிப் போகட்டும்! எங்கே போனாலும், எந்தக் கணினியைத் திறந்தாலும், அதன் ஒரு மூலையில் நம் பெயரில் ஒரு கோப்புறை இருக்கட்டும்!

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. போகும்போது இந்த மண்டபத்தின் மெயின் சுவிட்சை வேறு யாராவது அணையுங்கள். நான் அந்தத் தொழிலை விட்டுவிட்டேன். வணக்கம்.