மேல்குளத்திலிருந்து இறங்கும்போது கேட்ட குரல்

பெயர்: விக்னேஸ்வரன் த/பெ பிச்சைமுத்து
வயது: 53
தொழில்: ஜெலாப்பாங் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் ஸ்டோர் மேற்பார்வையாளர்
முகவரி: சிலிபின், ஈப்போ
நாள்: 12.11.2024, செவ்வாய்க்கிழமை. நான் தமிழில் சொல்லச் சொல்ல சார்ஜன் ஷாமினி எழுதிக்கொண்டார்.

மேற்கண்ட நபர் நானே. கடந்த ஞாயிற்றுக்கிழமை இரவு இதே நிலையத்தில் ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறேன். அதில் ஒன்றை விட்டுவிட்டேன். அதைச் சொல்லத்தான் இன்று யாரும் கூப்பிடாமல் நானாக வந்தேன். காணாமல் போயிருக்கும் சுகுமாரன், வயது 49, என் தங்கை தினேஸ்வரியின் கணவர். தீயணைப்பு மீட்புப் படையான பொம்பாக்காரர்கள் இரண்டு நாளாக அவரைக் கீழ் அருவியிலும் செம்பனைக்காட்டு ஆற்றிலும் தேடுகிறார்கள். அவர் எங்களுக்கு முன்னால் இறங்கிப் போனார் என்று நான் சொன்னதை நம்பித்தான் அங்கே தேடுகிறார்கள். அவர் அங்கே இல்லை. மேலே, பாறை இடுக்குக்குள் ஆள் இறக்க வேண்டும். இதை மட்டும் முதலில் எழுதிக்கொள்ளுங்கள், மற்ற கதையைப் பிறகு சொல்கிறேன் என்றேன். சார்ஜன் பேனாவை வைத்துவிட்டு வெளியே போய் வாக்கி டாக்கியில் பேசிவிட்டு வந்தார். அதன் பிறகு எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

நாங்கள் மூன்று பேர் நான்கு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் மலை ஏறி வருகிறோம். நான், என் மைத்துனர் சுகுமாரன், சிலிபினில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் அபுபக்கர். எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்குத் தொப்பை குறைப்போர் சங்கம் என்று பெயர் வைத்தது நான். ஏறும் முன் அபுபக்கர் கடையில் ரொட்டி சானாயும் இறங்கிய பின் அங்கேயே நாசி கண்டாரும் சாப்பிடுவதால் நான்கு வருடத்தில் மூவருக்குமே இடுப்புச் சுற்றளவு கூடித்தான் இருக்கிறது. இது தேவையில்லை என்று சார்ஜன் சொன்னார். ஆனால் அன்று காலையும் அப்படித்தான் பசியாறினோம் என்பதால் இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

தீபாவளி முடிந்த இரண்டாவது ஞாயிறு, 10.11.2024 அன்று, லாத்தா பூலோ அருவிக்குப் போனோம். ஒம்பதாங்கட்டை தோட்டத்தில் ரப்பர் மரங்கள் இருந்த இடத்தில் இப்போது எண்ணெய்க்காக நட்ட செம்பனை நிற்கிறது. அதன் ஓரத்தில் காரை நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். அரை மணி நடந்தால் கீழ் அருவி. அதற்கு மேல் ஆறு இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே ஒடுங்கி ஓடுகிறது. அதைத்தான் பாறை இடுக்கு என்கிறோம். பாதை அந்த இடுக்குக்கு மேலே, விளிம்பு ஓரமாகவே ஏறிப் போய் மேல்குளத்தில் முடியும். மழைக்காலத்தில் பிற்பகலுக்குள் இறங்கிவிட வேண்டும் என்று பாதை தொடங்கும் இடத்தில் பலகை வைத்திருக்கிறார்கள். அது எங்களுக்குத் தெரியும்.

இந்த இடத்தில் காட்டில் நாங்கள் கடைப்பிடிக்கும் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். காட்டுக்குள் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். யாராவது பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம் கேட்டாலும் திரும்ப மாட்டோம், பதில் கொடுக்க மாட்டோம். கூப்பிடுவது மனிதர் இல்லை, பதில் கொடுத்தால் கூடவே வீட்டுக்கு வந்துவிடும் என்பது நம்பிக்கை. தோட்டத்தில் பிறந்தவர்கள், மலாய்க்காரர்கள், எல்லோருமே இங்கே இதைச் சொல்வார்கள். நாங்கள் 'ஹோய்' என்றுதான் கூப்பிடுவோம். அதை எங்கள் சங்கத்தின் சட்டமாக ஆக்கியவன் நான். முதல் வருடம் ஒரு பாறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பெண் குரலில் "அபுபக்க்க்கர்" என்று இழுத்துக் கூப்பிட்டேன். அவர் ஒரு செருப்பை விட்டுவிட்டுக் கார் வரைக்கும் ஓடினார். அந்தக் கதையை அவர் கடையிலேயே வைத்து ஊர் முழுக்கச் சொன்னேன். சுகுமாரனுக்கு இதில் நம்பிக்கை கிடையாது. "உங்க அண்ணனுக்கு பேயோட கமிஷன் இருக்கு லா" என்று என் தங்கையிடம் சொல்லிச் சிரிப்பார்.

மேல்குளத்தில் குளித்தோம். தினேஸ்வரி கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதத்தையும் தீபாவளி முறுக்கின் கடைசித் தூளையும் சாப்பிட்டோம். அதன் பிறகு மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்ததால் இறங்கினோம். சுகுமாரன் வேகமாக நடப்பவர் என்பதால் முன்னால் போனார். "மச்சான், நான் போயி கார்ல ஏர்கோன் போட்டு வைக்கிறேன், நீங்க ரெண்டு கிழவனும் ஆடி அசைஞ்சு வாங்க" என்றார். பாதை வளைந்ததும் மறைந்துவிட்டார். நானும் அபுபக்கரும் பின்னால் வந்தோம். இதுவரைக்கும் முதல் வாக்குமூலத்திலும் சொல்லியிருக்கிறேன்.

சொல்லாமல் விட்டது இனிமேல் வருவது. இடுக்கின் பாதி தூரம் கடந்து ஒரு வளைவில் இறங்கிக்கொண்டிருந்தபோது எங்களுக்குப் பின்னாலிருந்து, கீழே இடுக்குப் பக்கமிருந்து, ஒரு குரல் "விக்கி மச்சான்" என்று கூப்பிட்டது. அபுபக்கர் நின்றுவிட்டார். மறுபடியும் அதே குரல் அதே மாதிரி கூப்பிட்டது. நாங்கள் பேசிக்கொண்டது இது:

"அண்ணே, அது சுகு குரல் மாதிரி இருக்கு."

"சுகு முன்னால போயிட்டான் பாய். பின்னால எப்படி வருவான்?"

"அதான் கேக்குறேன்."

"அதான் நானும் சொல்றேன். திரும்பாத. நட."

முன்னால் போன ஆளின் குரல் பின்னாலிருந்து கேட்டால் அது அவராக இருக்க முடியாது என்பதுதான் அப்போது எனக்குப் பட்ட நியாயம். அவர் பாதையை விட்டு எப்போது ஒதுங்கினார், ஏன் ஒதுங்கினார், நாங்கள் எந்த இடத்தில் அவரைத் தாண்டினோம் என்பதெல்லாம் இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்கு முன் 'ஹோய்' என்று அவர் கூப்பிட்டிருந்தால் தண்ணீர்ச் சத்தத்தில் அது எங்களுக்குக் கேட்டிருக்காது. அதன் பிறகு நாங்கள் ஓட்டமும் நடையுமாக இறங்கினோம். அபுபக்கர் வாய்க்குள் ஓதிக்கொண்டே வந்தார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அதைக் காட்டிக்கொள்ளாமல், "பாய், இந்தத் தடவ ரெண்டு செருப்பையும் புடிச்சுக்க" என்று கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

கீழ் அருவிக்கு வந்தபோது தண்ணீர் தேத்தண்ணி நிறத்துக்கு மாறியிருந்தது. மேலே பெய்த மழை ஒரேயடியாக ஆற்றில் இறங்கி வருவதை இங்கே கெப்பாலா ஆயேர் என்பார்கள். லாரி வருகிற மாதிரி சத்தம் முதலில் வந்தது. நாங்கள் மேட்டில் ஏறி நின்றுகொண்டோம். முழு மரம் ஒன்று வேரோடு எங்கள் முன்னால் போனது. "மாப்ள நேரத்தோட இறங்கிட்டான், கெட்டிக்காரன்" என்று நான் சொன்னேன்.

கார் பூட்டியே இருந்தது. சாவி சுகுமாரனிடம். போன் போகவில்லை. இத்தனை வருடம் நான் காட்டிய வேடிக்கைக்கெல்லாம் அன்று சேர்த்துப் பழி வாங்குகிறார் என்று நினைத்தேன். செம்பனை மரங்களுக்கு நடுவே போய், "போதும் மாப்ள, வெளிய வா, பாய் மூத்திரம் போயிட்டாரு" என்று சத்தம் போட்டேன். நல்ல மழை பெய்துகொண்டிருந்தது. அதன் பிறகு எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியவில்லை. அபுபக்கர் என் கையைப் பிடித்து, "அண்ணே, அந்தக் குரல்" என்றார். நான் "வாய மூடு" என்றேன். அதற்குப் பிறகுதான் 999க்கு அழைத்தோம்.

அன்று இரவு வாக்குமூலத்தில் குரலைப் பற்றி நான் சொல்லவில்லை. போலீசிடம் பேய்க்கதை சொன்னால் சிரிப்பார்கள் என்று அபுபக்கரிடம் காரணம் சொன்னேன். வாழ்நாள் முழுக்க மற்றவர்களைச் சிரிக்க வைப்பதே பிழைப்பாக இருந்தவன் சொல்லக்கூடிய காரணம் இல்லை அது. உண்மையான காரணம், அது பேய் இல்லை என்றால் அது சுகுமாரன். சுகுமாரன் என்றால் நான் கேட்டுவிட்டு நடந்திருக்கிறேன். இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நேற்று, திங்கட்கிழமை, முழு நாளும் கார் நிறுத்துமிடத்தில் கூடாரத்தில் இருந்தேன். தினேஸ்வரி தேடுகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை என்றாள். மதியம் பொம்பாக்காரர்கள் கூடாரத்துக்கு வந்து ஓய்வெடுத்தபோது, அவர்கள் சோர்ந்துபோய் இருந்ததால், அபுபக்கர் செருப்பை விட்டு ஓடிய கதையை மலாயில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். என் தங்கையும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து, "அண்ணே, கடைசியா அவரு என்ன சொன்னாரு?" என்று கேட்டாள். "கார்ல ஏர்கோன் போட்டு வைக்கிறேன்னு சொன்னாரு" என்றேன். "பாத்தியா, எல்லாருக்கும் செஞ்சுகிட்டே இருப்பாரு" என்றாள். சாயங்காலம் மறுபடியும் பெருமழை பெய்தது. தேடலை நிறுத்திவிட்டார்கள்.

இன்று காலை அபுபக்கர் கடையைத் திறக்காமல் நேரே கூடாரத்துக்கு வந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, ரெண்டு நாளா விடியக்காலையில சுபுவுக்கு நின்னா தொழுகையில மனசு நிக்கல. நீங்க போயி சொல்லுங்க. நீங்க சொல்லலன்னா நான் சொல்லிருவேன், அப்புறம் நம்ம ரெண்டு பேரும் மூஞ்சி பாக்க முடியாது" என்றார். அவர் மோட்டார் சைக்கிளிலேயே என்னை இங்கே கொண்டுவந்து விட்டார்.

வாக்குமூலம் இந்த இடத்தில் நிறுத்தப்பட்டது. சார்ஜனுக்குச் செய்தி வந்ததால் அவர் வெளியே போனார். அவர் திரும்பி வந்த பிறகு தொடர்ந்தது.

தேடும் குழு பாறை இடுக்குக்குள் கயிறு கட்டி இறங்கியிருக்கிறது என்று சார்ஜன் தெரிவித்தார். தண்ணீருக்கு மேலே ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு கல்திட்டு இருக்கிறது. பக்கத்துப் பாறையில் முளைத்த செடியில் நீலச் சட்டை ஒன்று கட்டியிருக்கிறது. அதன் படத்தை எனக்குக் காட்டினார்கள். சட்டை சுகுமாரனுடையது. கை இரண்டையும் முடிச்சுப் போட்டு, மேலே பாதையிலிருந்து பார்த்தால் தெரியும்படி கட்டியிருக்கிறார். திட்டில் பிஸ்கட் காகிதம் நான்கு இருந்தது. சிறிதாக மடித்து ஒரு கல்லை மேலே வைத்திருக்கிறார். ஒரு பாக்கெட்டில் எத்தனை இருக்கும், எத்தனை நேரத்துக்கு ஒன்று சாப்பிட்டிருப்பார் என்று நான் கணக்குப் போட்டேன். நிறுத்திக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்த வெள்ளம் திட்டின் விளிம்போடு போயிருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் வந்ததுதான் திட்டுக்கு மேலே ஏறியிருக்கிறது, பாறையில் சேற்றுக்கோடு தெரிகிறது என்று குழுவின் தலைவர் சொன்னதாகச் சார்ஜன் சொன்னார். அப்படியென்றால் நேற்று மதியம் அவர் அங்கே இருந்திருக்கிறாரா என்று கேட்டேன். சார்ஜன், "அது என்னால உறுதியா சொல்ல முடியாதுங்க ஐயா" என்றார். பிறகு தண்ணீர் போத்தலைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

அவர் இன்னும் கிடைக்கவில்லை. தேடல் இடுக்கிலிருந்து கீழ்நோக்கி நடக்கிறது.

சார்ஜன் என்னிடம் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்:

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை இரவே குரலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க உங்களை யாராவது வற்புறுத்தினார்களா?

பதில்: இல்லை. அபுபக்கரைச் சொல்ல விடாமல் தடுத்தது நான். அவர் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

கேள்வி: உங்களுக்கும் சுகுமாரனுக்கும் பகை ஏதாவது உண்டா?

பதில்: கிடையாது. அவரைப் பெண் பார்க்க அழைத்து வந்ததே நான்தான்.

கேள்வி: குரலைக் கேட்டபோது அது சுகுமாரனின் குரல் என்று உங்களுக்குத் தெரிந்ததா?

பதில்: தெரிந்தது. இருபது வருடமாக என் வீட்டு வாசலில் கேட்கும் குரல். வேறு யார் குரலாக இருந்தாலும் ஒரு தடவை திரும்பிப் பார்த்திருப்பேன். அவர் குரல் என்பதால்தான் பயந்தேன்.

என் தங்கை தினேஸ்வரியை நிலையத்துக்கு அழைத்து வந்திருக்கிறார்கள். சட்டைப் படத்தை அவளுக்கும் காட்ட வேண்டுமாம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் என்றும், தகவலை வேறொரு பெண் போலீஸ் வைத்துத் தெரிவிக்கலாம் என்றும் சார்ஜன் சொன்னார். சட்டையைப் பற்றி அவர்கள் சொல்லட்டும், கூப்பிட்டதைப் பற்றி நான் சொல்கிறேன் என்றேன். எப்படித் தொடங்குவது என்று சார்ஜனிடமே கேட்டேன். அவர் எழுதிய தாள்களை அடுக்கினார். அதைச் சொல்லித்தருவது அவருடைய வேலையும் இல்லை.

மேலே உள்ளதை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார்கள். இதில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை, எதையும் விடவும் இல்லை. யாரும் மிரட்டவில்லை, யாரும் ஆசை காட்டவில்லை. அனைத்தும் உண்மை என்று அறிந்து கையெழுத்திடுகிறேன். கையெழுத்திட்டதும் கதவைத் திறந்து வெளியே போக வேண்டும் என்பதால் சற்று நேரம் கேட்டேன். கொடுத்தார்கள்.

(ஒப்பம்) விக்னேஸ்வரன் த/பெ பிச்சைமுத்து