இரண்டரை மில்லிமீட்டர்

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அம்மையாரின் கணவரே, மகளே, உலைக்கூடத்துத் தோழர்களே! கனத்த மனத்தோடு வணங்குகிறேன்.

நம் கூடத்தில் உலையை இயக்கிவந்த மூத்த பணியாளர், நாம் எல்லோரும் 'ஐஸ் அக்கா' என்று அழைத்த அம்மையார், இன்று இல்லை. நாலு வார்த்தை புகழ்ந்துவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன். மனம் விடவில்லை.

அந்தப் பெயர் எப்படி வந்தது? செம்பில் வைரத்துகள் கலந்து, உலையில் அழுத்தி எடுக்கும் ஒவ்வொரு தகட்டின் மீதும் ஒரு பனிக்கட்டியை வைப்பார். வெப்பத்தை நன்றாகக் கடத்தும் தகடென்றால் கட்டி மளமளவென்று கரையும். வெப்பக் கடத்தலை அளக்கும் கருவிக்கு முன்பே அவர் சொல்லிவிடுவார். ஒரு நாளாவது தவறியதுண்டா? இல்லை!

செம்பும் வைரமும் லேசில் ஒட்டாது. ஒட்டாத இடத்தில் வெப்பம் தயங்கி நின்றுவிடும். அதனால் துகள்களுக்கு டைட்டேனியம் பூச்சு கொடுப்போம். தடிமனாகப் பூசச் சொன்னேன், ஆய்வுக்குப் பொறுப்பான நான். "பூச்சே குறுக்க சுவராயிடும் சார், பாதி போதும்" என்றார் அவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் தாமே பாதிப் பூச்சில் ஒரு தகடு செய்து, பனிக்கட்டியோடு என் அறைக்கு வந்தார். "பாருங்க சார், என்னமா உருகுது!"

"எனக்கே ஐஸ் வைக்கிறீங்களா?" என்று சிரித்தேன். கருவியில் நானே அளந்தேன். மோசமான எண் வந்தது. தகடு இழுப்பறைக்குப் போனது. அவர் யோசனையும் அதோடு போனது.

சென்ற வாரம், இந்த மேசையில் வைக்க அவர் கைபட்ட பொருள் ஒன்றைத் தேடி அந்த இழுப்பறையைத் திறந்தேன். அந்தத் தகடு இருந்த உறையின் பின்பக்கம் பென்சிலில் அவர் கையெழுத்து: 'தடிமன் 2.5 மி.மீ.' அவையோரே, கருவிக்கு நான் கொடுத்தது இரண்டு! வரைபடத்தில் இருந்ததை அப்படியே போட்டேன். உறையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. தடிமனையும் வெப்பம் அதைக் கடக்கும் நேரத்தையும் வைத்துத்தான் கருவி கணக்குப் போடும்; தடிமனைக் குறைத்துச் சொன்னால் அதுவும் குறைத்துத்தானே காட்டும்? மறுபடி அளந்தேன். நம் கூடத்தில் இதுவரை எந்தத் தகடும் இவ்வளவு வேகமாக வெப்பத்தைக் கடத்தியதில்லை.

அவர் மகளிடம் ஓடினேன். "அம்மா கடைசி வரைக்கும் அந்தத் தகட்டைத்தான் சொல்லிட்டு இருந்தாங்க சார். எங்கயோ என் கை தப்பிடுச்சுன்னு" என்றார்.

நாளை முதல் நம் உலையில் பாதிப் பூச்சுதான். அறிக்கையில் முதல் பெயர் அவருடையது. என் பிழையும் அதில் இருக்கும். இனி என் கையால் தடிமன் அளக்காமல் எந்தத் தகட்டையும் கருவியில் வைக்க மாட்டேன். இது உறுதி!

அக்கா, உங்கள் கை தப்பவே இல்லை. இதை அன்றே உங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள, என் அறையிலிருந்து உங்கள் உலைக்கு இருபது அடி நடந்திருந்தால் போதும். நான் நடக்கவில்லை.