சாக்கடையில் கும்பிட்டுக்கொண்டு

சிதம்பரம் பஸ். முதுநகரில் ஏறி எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்த இருவரில் ஒருவர் சொன்னார்: "என் மூஞ்சிய நானே சாக்கடையிலேர்ந்து எடுத்தேன், மச்சான்."

மற்றவர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

"மழைத்தண்ணி வீட்டுக்குள்ள வந்துடுச்சுல்ல? தெருவே சேந்து அடைப்ப எடுத்தோம். கத்தை கத்தையா என் பாத்திரக் கடை நோட்டீஸ். வீடு வீடா ஆள வெச்சுப் போட்டேன். ஜனங்க தூக்கிப் போட்டுட்டாங்க போல."

"பேப்பர்தான? ஊறிப் போயிருக்காதா?"

"நனையக் கூடாதுன்னு நான்தான் பிளாஸ்டிக் பூசுனத கேட்டு வாங்குனேன். போட்டோவுல கும்புட்டுக்கிட்டு நிக்கிறேன், பளிச்சுனு. பக்கத்து வீட்டு அக்கா ஈரப் பாயோட வந்து பாத்தாங்க. 'கடைக்குத்தான கூப்புடுற தம்பி, வர்றோம்'னாங்க."

"அப்புறம் எதுக்கு இப்ப பிரஸ்ஸுக்குப் போற?"

"பொங்கலுக்குக் குடுத்த ஆர்டர வேணாம்னு சொல்லத்தான். போன்ல சொன்னா பிரஸ்காரரு பேசியே மடக்கிடுவாரு."

"நோட்டீஸ் இல்லாம கடை இருக்கறது யாருக்குத் தெரியும்?"



"அன்னிக்குத் தெருவே என் கடையப் பத்தித்தான் பேசுச்சு. இன்னும் யாருக்குத் தெரியணும்?"