திறக்கக் கூடாத பெட்டி

திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் பஸ். என் முன் இருக்கையில் நாற்பது வயதுக்காரர் ஒருவரும், அவருடைய பக்கத்து வீட்டு அண்ணாச்சியும் உட்கார்ந்திருந்தார்கள்.

“மீன் கெட்டுப்போயிரும்னுதான் அந்த மழையிலயும் பைலட்டு விமானத்த இறக்கப் பாத்திருக்கான், அண்ணாச்சி.”

“எந்த மீனுலே?”

“தம்பி வேலைக்குப் போன சரக்கு விமானம் பூரா மீன்தான். ரெண்டு தடவ தாழ வந்து, ஓடுபாதை தெரியலன்னு மேல ஏறியிருக்கான். மூணாவது தடவ மலையில இடிச்சிட்டான்.”

“வேற ஊர்ல போய் இறக்கப்பிடாதா?”

“அங்கன போனா சரக்கு வீணாயிரும்லா. சரக்கு ஏத்தி இறக்குத என் தம்பி போனா யாருக்கு என்ன?”

“ஆபீஸ்ல என்ன சொன்னானுவ?”

“உடம்பு சாயந்தரம் பொட்டியில வீட்டுக்கு வந்துருமாம். பொட்டியத் திறக்க மாட்டோம்னு எங்கிட்ட கையெழுத்து வாங்கிட்டானுவ. உள்ள முகம்னு ஒண்ணும் இல்லையாம்.”

அண்ணாச்சி உச்சுக் கொட்டினார்.

“அம்மை வாய்க்கரிசிக்குப் பச்சரிசி எடுத்து வச்சிட்டா. ‘எம்புள்ள வாயில நாந்தான் மொதல்ல போடுவேன்’னு உக்காந்திருக்கா. நான் போய் என்னத்தச் சொல்ல? நீங்க சொன்னா கேப்பா, அண்ணாச்சி.”

“சொல்லுவோம்லே. அதுக்கென்ன.”

பத்தமடையில் பஸ் நின்றது. “இங்கன ஒருத்தரப் பாக்கணும். நீ முன்னால போ,” என்று அண்ணாச்சி எழுந்தார். அவர் அம்பாசமுத்திரத்துக்கு டிக்கெட் எடுத்ததை நானே பார்த்திருந்தேன்.

“சரி, அண்ணாச்சி. சாயந்தரம் மாலை போட மட்டும் வந்துருங்க,” என்றார் மற்றவர்.