உன் ரத்தம் வேற

மாமல்லபுரம் பேருந்து நெம்மேலியைத் தாண்டியதும், முன் இருக்கையில் இருந்த கர்ப்பிணிப் பெண், பக்கத்தில் மீன்கூடையோடு இருந்த அம்மாளிடம் சொன்னாள்: "மாசமா இருக்கசொல்ல எடுத்த டெஸ்ட்ல எனக்கு எச்.ஐ.வி. இல்லக்கா. ஆனாலும் எங்க வூட்டுக்காரருக்குத் தனிப் பாய்தான்."

"இன்னாத்துக்குடி?"

"லாரில போய் ரெண்டு மாசம் கழிச்சு வந்துகீறாரு. டெஸ்ட் எடுன்னா, உனக்கு இல்லன்னு வந்துச்சே, அது எனக்கும் சேத்துதான்றாரு. உன் ரத்தம் வேற, என் ரத்தம் வேற, நீயும் குடுத்துட்டு வான்னுட்டேன்."

"அடிக்கலையா?"

"ரெண்டு நாள் பேசல. இன்னிக்குக் காலைல சட்டைய மாட்டிகினு, ஆஸ்பத்திரில எந்த ரூமுக்குப் போவணும்னு கேட்டாரு."

அந்த அம்மாள் மீன்கூடையைத் தள்ளிவைத்துவிட்டு அவள் பக்கம் நெருங்கி உட்கார்ந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"பொம்பள தனியா போனா டெஸ்ட் எடுப்பாங்களா?"

"எடுப்பாங்க. நானும் வரேன்க்கா."